வேப்பிலை பறிக்கும் முன்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது மார்கோசா ரோடு. மார்கோசா என்றால் வேம்பு. கசப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. ஒரு தெருவுக்கே வேம்பின் பெயரை வைத்த ஊர் இது. ஆனால் வேப்பிலை என்று நம்பி வேறு மரத்து இலையை மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்களை இதே ஊரில்தான் பார்க்கிறோம்.

குழப்பம் பாதி பெயரில் இருந்து வருகிறது. கன்னடத்தில் பேவு என்றால் வேம்பு. கரிபேவு கறிவேப்பிலை. நெலபேவு நிலவேம்பு. அது முழங்கால் உயரத்துக்கு வளரும் செடி. டெங்கு காலத்தில் எல்லோரும் தேடும் நிலவேம்புக் குடிநீருக்கும் வேப்பமரத்துக்கும் கசப்பைத் தவிர வேறு உறவே இல்லை. ஹெப்பேவு என்பது மலைவேம்பு. நாட்டு மருந்துக் கடையில் தமிழ் பாதி, கன்னடம் பாதி கலந்து கேட்கும்போது இந்த நாலும் ஒன்றோடு ஒன்று மாறிவிடும். முதல் மூன்று மாறினால் வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும். ஆபத்து நாலாவதில் இருக்கிறது.

மலைவேம்பு என்ற பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. ஒன்று, பிளைவுட்டுக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்க்கும் மீலியா டூபியா. இன்னொன்று, ஊதா நிறத்தில் பூக்கும் மீலியா அசெடராக். பின்னதின் காய் நஞ்சு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகால் நடுக்கம் வரை போகும். நம் வேம்பு அசாடிராக்டா இண்டிகா. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் சாயல் ஒத்திருக்கும்.

அடையாளம் காண மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட ஒரு ஈர்க்கை ஒடித்துக் கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. வேம்பில் நடு ஈர்க்கு ஒன்றே ஒன்றுதான், கிளை பிரியாது. அதன் இரு பக்கமும் சிற்றிலைகள் நேராக ஒட்டியிருக்கும். மலைவேம்பில் ஈர்க்கில் இருந்து இன்னும் சின்ன ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் இலை இருக்கும். பிறகு ஒரே ஒரு சிற்றிலையைக் கிள்ளி நடு நரம்பைப் பாருங்கள். வேம்பில் நரம்பு இலையைச் சமமாகப் பிரிக்காது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும், முழு இலையும் அரிவாள் போல ஒரு பக்கமாக வளைந்திருக்கும், ஓரம் ரம்பப் பல். பூக்காலத்தில் ஊதாப் பூ இருந்தால் அது வேம்பு இல்லை: வேப்பம்பூ வெள்ளை, தேன் வாசனை. காய்க்காலத்திலும் தெரியும். வேப்பம்பழம் மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்து காலில் வழுக்கும். மலைவேம்பின் உருண்டைக் காய் இலை உதிர்ந்த பிறகும் கொத்துக் கொத்தாக மரத்திலேயே தொங்கும்.

மரம் சரியானது என்றாலும் பறிக்கும் இடம் முக்கியம். அரசும் வேம்பும் சேர்த்து நட்டு, நாகர் கல் வைத்த அஷ்வத்த கட்டை பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறது. அங்கே கைக்கு எட்டும் கிளைகளில் விளக்குப் புகையும் குங்குமமும் படிந்திருக்கும். அந்த இலை மருந்துக்கு வேண்டாம். பஸ் ஓடும் ரோட்டில் தலை உயரக் கிளையும் வேண்டாம். வீட்டுத் தோட்டமோ உள் தெருவோ, மேல் கிளையில் இருந்து பறித்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி எடுங்கள்.

இனி பயன்பாடு. வேம்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: தோலுக்குத் தாராளம், வயிற்றுக்கு அளவு, கைக்குழந்தையின் வாய்க்குக் கிடையவே கிடையாது. நம் வீடுகளில் பெரியவர்கள் செய்த வேப்ப வைத்தியத்தில் பெரும்பகுதி உடம்புக்கு வெளியேதான் நடந்தது. பாயில் பரப்புவது, தண்ணீரில் ஊறவைப்பது, அரைத்துப் பூசுவது, வாசலில் செருகுவது. கசக்கிப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பழக்கம் பிறகு வந்தது.

அம்மையில் இருந்து ஆரம்பிக்கலாம். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினால் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். பெரியம்மை ஊரைச் சூறையாடிய காலத்தில் எழுத்தறிவே தேவைப்படாத தனிமை அறிவிப்பு அது. இந்தியாவில் பெரியம்மை 1975க்குப் பிறகு இல்லை. இப்போது வருவது சின்னம்மை. ஆனால் கொத்தின் வேலை இன்றைக்கும் அதேதான், ஏனென்றால் கடைசிக் கொப்புளம் பொருக்கு தட்டும் வரை மற்றவருக்குத் தொற்றும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கதவில் ஒரு கொத்து செருகிவிட்டு, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கும் போன் செய்து சொல்லிவிடுவது நல்லது.

படுக்கையில் இலை பரப்பும்போது ஈர்க்கோடு பரப்பக் கூடாது. காய்ந்த ஈர்க்கு குத்திக் கொப்புளம் உடையும். இலையை மட்டும் உருவி, மெல்லிய பருத்தித் துணிக்கு அடியில் போடுங்கள். காலையும் மாலையும் மாற்றுங்கள். அரிக்கும்போது நகம் படாமல், இளம் கொத்தால் மெதுவாக வருடிக் கொடுப்பது குழந்தைகளுக்குப் பெரிய ஆறுதல். கொப்புளம் பழுத்துப் புண்ணாவது பெரும்பாலும் சொறிவதால்தான், அதைத் தடுப்பதே பாதி வைத்தியம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி இலையும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும். காலை ஒன்பது மணிக்கு வெயிலில் வைத்தால் பன்னிரண்டு மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பெங்களூரில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயிலை நம்ப முடியாது, அப்போது இலையைத் தனியாக ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கலந்துகொள்ளலாம். ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பொருக்கு தானாக உதிரட்டும். இலையை அரைத்து ஈரக் கொப்புளத்தின் மேல் அப்புவதுதான் நிறைய வீடுகளில் நடக்கும் தவறு. அரைத்த விழுதில் கிருமி வளரும், பொருக்கும் ஊறிப்போகும். காய்ந்த பிறகு வேண்டுமானால் பூசலாம்.

இதெல்லாம் அரிப்புக்கும் சுத்தத்துக்கும். வைரஸைக் கொல்லும் என்று நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு, கர்ப்பிணிக்கு, மூச்சு வாங்கும் குழந்தைக்குக் கட்டாயம் மருத்துவர் வேண்டும். அம்மைக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரைஸ் சிண்ட்ரோம் என்று, கல்லீரலையும் மூளையையும் ஒன்றாகத் தாக்கும் நோய்க்கு அது வழி வைக்கும். இந்தப் பெயர் கீழே மறுபடி வரும்.

சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுவது தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான வைத்தியம். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் சிரங்கு வந்த 814 பேருக்கு இதே விழுதைப் பூசினார்கள். மூன்று முதல் பதினைந்து நாட்களுக்குள் 97 சதவீதம் பேருக்குக் குணமானது. எடையில் நாலு பங்கு பச்சை இலைக்கு ஒரு பங்கு மஞ்சள். மிக்ஸியில் அரைக்கும்போது தண்ணீர் ஒன்றிரண்டு ஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர் அதிகமானால் விழுது தோலில் நிற்காமல் வழிந்துவிடும். அன்றன்றைக்கு அரைப்பது முக்கியம். ஃபிரிட்ஜில் வைத்த விழுது மறுநாள் கறுத்துவிடும்.

பூசியும் போகவில்லை என்பவர்களைக் கேட்டால் காரணம் அநேகமாக ஒன்றுதான். அரிக்கிற இடத்தில் மட்டும் பூசியிருப்பார்கள். சிரங்குப் பூச்சி விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு, தொப்புள் சுற்று என்று தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழ்வது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூச வேண்டும். அரிப்பு இல்லாதவரும் சேர்த்து, வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் பூச வேண்டும். அன்றே போர்வை, தலையணை உறை, உள்ளாடை எல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கும் பிஜிக்களில் ஒருவர் மட்டும் வைத்தியம் பார்ப்பதால்தான் அது சுற்றிச் சுற்றி வருகிறது. இன்னொன்று: பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் பூசினால் தோல் காய்ந்து வெடிக்கும். பெர்மெத்ரின் களிம்பு எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது அதுதான். வேப்ப விழுது கையில் இருப்பதால் களிம்பை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

படர்தாமரை வேறு கதை. கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசியவர்கள் கடைசியாக வேப்பெண்ணெய்க்கு வருகிறார்கள். அந்த நிலையில் எண்ணெய் தனியாக ஒன்றும் செய்யாது, தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மழைக்கால ஷூவுக்குள் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் ஆரம்பத்தில் இருந்தால் பத்துப் பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து இரவில் தடவலாம். வேப்பெண்ணெயை நேராகப் பூசினால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள்.

பேனுக்கு நாலு பங்கு தேங்காயெண்ணெய், ஒரு பங்கு வேப்பெண்ணெய். மூன்று மணி நேரம் ஊறவைத்து, அலசி, ஈரத்தலையில் ஈர்கொல்லிச் சீப்பு போட்டு வாருங்கள். ஈர் சாகாது, அது பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் எட்டாம் நாள் மறுபடி ஒரு முறை. இந்த இரண்டாவது முறையை விடுவதால்தான் "வேப்பெண்ணெய் கேட்கலை" என்ற பேச்சு வருகிறது.

கொசுவுக்கும் இதே எண்ணெய்தான். தேங்காயெண்ணெயில் 2 சதவீதம், அதாவது 100 மில்லிக்கு 2 மில்லி கலந்து பூசிப் பார்த்த ஆய்வு 1993இல் டெல்லியில் இருந்து வெளியானது. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவிடம் நல்ல பாதுகாப்பு கிடைத்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவிடம் அதைவிடக் குறைவு. பெங்களூரில் நமக்குத் தலைவலி ஏடிஸ்தான், பகலில் கடிப்பது. அதனால் எண்ணெயை நம்பித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போடக் கூடாது. வேப்பிலைப் புகை போடுவது எனக்குப் பிடிக்காது. மூடிய அறையில் கொசுவை விட ஆஸ்துமா உள்ளவருக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

எண்ணெய் வாங்கும்போது: செக்கில் ஆட்டியது பழுப்புக் கலந்த மஞ்சள், பூண்டும் கடலையும் கலந்தது போன்ற கடுமையான வாசனை. வாசனையே இல்லாமல் தெளிவாக இருந்தால் சுத்திகரித்தது என்று அர்த்தம், மருந்துச் சத்தில் பெரும்பகுதி போயிருக்கும். டிசம்பர், ஜனவரியில் இங்கே பாட்டிலுக்குள் உறைந்து வெண்ணெய் போல் நிற்கும். கலப்படமோ என்று கொட்டிவிடாதீர்கள், குளிருக்கு உறைவது இயல்பு. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் அசாடிராக்டின் என்ற முக்கியச் சத்து சிதையும்.

இப்போது, மேலே "கிடையவே கிடையாது" என்று சொன்ன விஷயம். கைக்குழந்தைக்குச் சளி, வயிற்று உப்புசம் என்று வேப்பெண்ணெயை ஒரு பாலாடை புகட்டும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது, மலேசியத் தமிழ்க் குடும்பங்களோடு கடல் தாண்டியும் போனது. 1981இல் மலேசியாவில் இருந்து லான்செட் மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வந்தது. எண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, பிறகு அசந்து தூங்குவது போன்ற மயக்கம், வேகமான மூச்சு, வலிப்பு. மேலே சொன்ன ரைஸ் சிண்ட்ரோமைப் போலவே கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தன. அளவு சில மில்லிதான். ஊரில் இருந்து பாட்டி கொடுத்து அனுப்பிய பாட்டில் வீட்டில் இருந்தால் அதன் மேல் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டி, சமையல் எண்ணெய் இருக்கும் அலமாரியில் வைக்காமல் தள்ளி வையுங்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

வளர்ந்தவர்கள் கொழுந்து தின்பது அந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை, ஆனாலும் கணக்கு வேண்டும். செம்பு நிறத்தில் பளபளக்கும் தளிரில் ஐந்தாறு சிற்றிலை, வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில் மென்று தின்பது போதும். தினமும் ஒரு கைப்பிடி என்பது பழைய வழக்கமும் இல்லை, நல்ல வழக்கமும் இல்லை. காலை நடைக்கு வருபவர்களுக்குப் பூங்கா வாசல்களில் விற்கும் வேப்பிலைச் சாறு எனக்குக் கவலை தரும் விஷயம். எத்தனை இலை, எப்போது பிழிந்தது என்று தெரியாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதோடு சேர்த்து இதையும் குடித்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளும் வேம்பை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். கருத்தடைக்கு உதவுமா என்று ஆராயப்பட்ட பொருள் அது. பட்டைக் கஷாயத்தைச் சித்த மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் அளவு பிடிபடாது, பட்டை உரித்த மரமும் காயத்தில் கிருமி ஏறிக் காயும்.

உள்ளே போகும் வேம்பில் நான் மனதாரச் சொல்வது பூவைத்தான். உகாதிக்கு முந்தின நாள் கே.ஆர். மார்க்கெட்டிலும் காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும், வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த பேவு பெல்லாவுக்காகப் பூங்கொத்து குவிந்து கிடக்கும். அதற்கு ஒரு மாதத்துக்குள் தமிழ்ப் புத்தாண்டும் வந்துவிடும். அன்றே இரண்டு கட்டு அதிகமாக வாங்கினால் பச்சடிக்கும் ஆயிற்று, வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆயிற்று. வாடாமல் இருக்கக் கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்திருப்பார்கள். அப்படியே மூடி வைத்தால் மறுநாள் பூஞ்சை. வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி ஒரு இரவு ஃபேனுக்கு அடியில் விடுங்கள். காலையில் காம்பைப் பிடித்து உருவினால் பூ தனியாக வரும். காம்பு கலந்தால் கசப்பு ஏறும், அதனால் பொறுமையாகப் பொறுக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் வெயில். கையில் எடுத்தால் சருகு மாதிரி சத்தம் வர வேண்டும். கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜூன் மழை பிடிக்கும் முன் ஒரு முறை மறுபடி வெயிலில் காட்டுங்கள்.

ரசத்துக்கு நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து உப்பு, பெருங்காயம், சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். நெய்யில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்துவிட்டு அதே நெய்யில் பூவைப் போட்டுச் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். பொன்னிறத்தில் நிறுத்தினால் கசப்பு முன்னால் நிற்கும், கறுத்தால் கருகல் வாசனை. காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்த நொடியில் ரசத்தில் கொட்டி மூடுங்கள். அதன் பிறகு அடுப்பில் ஏற்றவே கூடாது, கொதித்தால் கசப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும். காய்ச்சல் விட்ட நாக்குக்கு இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

இலைப்பொடி வேண்டுமானால் பிப்ரவரியில் இருந்து ஏப்ரலுக்குள் செய்யுங்கள். நிழலில் நாலைந்து நாளில் மொறுமொறுவென்று காயும், பச்சை நிறமும் போகாது. மழை மாதங்களில் காயவைத்தால் கறுத்து, புழுங்கல் வாசனை வரும்.

ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் வேம்பு எத்தனையோ நூற்றாண்டாக இருப்பது. வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திகி 1942இல் வேப்பெண்ணெயில் இருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருட்களைப் பிரித்துக் காட்டினார். வேப்பெண்ணெயால் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் காப்புரிமையே கொடுத்துவிட்டது. இந்திய விவசாயிகளுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்று சூழலியல் ஆர்வலர் வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வாதாட, 2000இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆனது. அந்த வழக்கிலும் பேச்சு வெளிப்பயன்பாட்டைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக மரத்தைப் பற்றி. மழைக்குப் பிறகு, அக்டோபர், நவம்பரில், பெங்களூரின் பல தெருக்களில் வேம்பின் நுனிக்கிளைகள் தீய்ந்தது போலப் பழுப்பாகும். நுனிக்கருகல் என்ற பூஞ்சை நோயும், தளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும்தான் காரணம். மரம் செத்துவிட்டது என்று வெட்ட ஆள் கூப்பிடுகிறார்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இன்படி மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பது ஒரு பக்கம், வெட்டத் தேவையும் பெரும்பாலும் இல்லை. கருகிய கிளையில் இருந்து மருந்துக்கு இலை எடுக்காதீர்கள். நகத்தால் நடுமரக் கிளையின் தோலைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் அதே கிளைகளில் செம்பு நிறத் தளிர் வரும். மூன்று, நாலு வாரத்தில் பூவும் வந்துவிடும்.